மெய்க்கீர்த்தியும் செய்தியறிக்கையும்: இலங்கை ஜனாதிபதித் தேர்தல்களிற் செய்திச் சார்பு பற்றிய ஓர் ஆய்வு

1

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் ஒன்று நடந்து முடியுந்தோறும், வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பக்கஞ்சார்ந்து நடந்துகொண்டன என்ற குற்றச்சாட்டு எழுவது வழக்கமாகிவிட்டது. தோற்றவர் இதனைக் கூறுவர். வென்றவரும் தமக்கெதிரான சாதனங்களை மீறியே தாம் வென்றதாகக் கூறுவர். இக்குற்றச்சாட்டுக்கு வழமையாக இரு விடைகள் தரப்படுகின்றன. ஒன்று தாராண்மைவாத விடை. வேட்பாளர் அனைவருக்கும் சமமான நேரமும் சமமான இடமும் கிடைத்துவிட்டால் நடுநிலைமை நிலைநாட்டப்பட்டுவிடும் என்பது அதன் நம்பிக்கை. மற்றது இடதுசாரி வட்டாரங்களில் அடிக்கடி கேட்கும் விடை. முதலாளித்துவப் பத்திரிகை முதலாளித்துவத்துக்கே சேவை செய்யும், ஆதலின் இதில் ஆராய்வதற்கு யாதுமில்லை என்பது அதன் முடிவு. முதலாவது விடை நிமிடங்களையும் பத்திகளையும் எண்ணுவதோடு அமைந்துவிடுகிறது. இரண்டாவது விடை முடிவை முன்கூட்டியே அறிந்துகொண்டு பிரதியை வாசிக்க மறுத்துவிடுகிறது. இவ்விரண்டும் போதா என்பது நமது கருத்து.

சார்பு என்பது முதலில் ஓர் உணர்வாகவே வாசகனிடந் தோன்றுகிறது. அவ்வுணர்வை அப்படியே சான்றாகக் கொள்ளல் இயலாது. 1985 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளரான வலோன், ரொஸ், லெப்பர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1982 இற் பெய்ரூத்தின் அகதி முகாம்களில் நிகழ்ந்த படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை அவர்கள் இஸ்ரேலியச் சார்பினரான மாணவருக்கும் அரபுச் சார்பினரான மாணவருக்கும் காட்டினர். இரு சாராரும் கண்டவை ஒரே செய்திகள். ஆயினும் ஒவ்வொரு சாராரும் அவை தமக்கெதிராகவே சாய்ந்திருப்பதாகக் கூறினர். கட்சிப்பற்று மிகுந்தவன் எந்தச் செய்தியிலும் தனக்கெதிரான சார்பையே காண்பான் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

ஆனால் உணரப்படுஞ் சார்பெல்லாம் வெறும் மனப்பிரமை என்ற முடிவுக்கு இவ்வாய்வு நம்மை இட்டுச்செல்வதில்லை. வாசகனின் உணர்வுக்கு வெளியே, செய்தியை உற்பத்தி செய்யும் நிறுவனத்திலும், செய்தியின் மொழியிலும் சார்பைத் தேடவேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது. எனவே இக்கட்டுரையில் நாம் இரு வினாக்களை எடுத்துக்கொள்கிறோம். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் செய்தியின் உடைமையாளர் யார்? அவ்வுடைமை தமிழ்ச் செய்தியுரைநடையில் எவ்வாறு வடிவம் பெறுகிறது?

2

முதலாவது வினாவுக்கு வரலாற்றினூடாகவே விடை காணல் வேண்டும். டி. ஆர். விஜேவர்த்தன தோற்றுவித்த ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே நாட்டின் மிகப் பெரிய செய்தி நிறுவனமாக விளங்கியது. மும்மொழியிலும் நாளேடுகளை வெளியிட்ட அந்நிறுவனத்தின் அரசியல், ஐக்கிய தேசியக் கட்சியின் அரசியலோடு நெருங்கிய உறவுடையது. சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் அதனைப் பகையாகக் கண்டமை வியப்பன்று. 1964 இல் அந்நிறுவனத்தைப் பொறுப்பேற்க முயன்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கம், அவ்வாண்டு டிசம்பர் 3 ஆந் திகதி பாராளுமன்றத்தில் ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது. ஓர் அரசாங்கத்தின் ஆயுளையே முடிக்கக்கூடியதாகப் பத்திரிகை உடைமைப் பிரச்சினை அன்று அமைந்திருந்தது.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், லங்கா சமசமாஜக் கட்சியையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் பங்காளிகளாகக் கொண்டது. 1973 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அது ஏரிக்கரை நிறுவனத்தைப் பொறுப்பேற்றது. அந்நிறுவனத்தின் பங்குகளில் 75 சதவீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை உடைத்து, உடைமையைப் பொதுமக்களிடையே பரவலாக்குவதே சட்டத்தின் நோக்கமென அன்று கூறப்பட்டது. அப்பரவலாக்கம் நடைபெறவில்லை. பங்குகள் அரசின் கையிலேயே தங்கின. உடைமையாளர் மாறினாரேயன்றி, உடைமை உறவு மாறவில்லை.

இதன் விளைவை 1977 இற்குப் பின்னர் இடதுசாரி இயக்கமே அனுபவித்தது. 1973 இற் பொறுப்பேற்பை வன்மையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி, 1977 இல் ஆட்சிக்கு வந்ததும் அந்நிறுவனத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் கருவியாக்கிக்கொண்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதிப் பதவியைத் தோற்றுவித்தது. 1979 இற் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை அரசுடைமையாயிற்று. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 20 ஆந் திகதி முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. தேசியத் தொலைக்காட்சியும் ஜனாதிபதித் தேர்தலும் ஒரே ஆண்டில் அரங்கேறியமை கவனத்துக்குரியது.

அத்தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தன 52.91 சதவீத வாக்குகளையும், ஹெக்டர் கொப்பேகடுவ 39.07 சதவீத வாக்குகளையும், ரோகண விஜேவீர 4.19 சதவீத வாக்குகளையும் பெற்றனர். பிரதான எதிர்க்கட்சியின் தலைவியான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980 இலேயே பறிக்கப்பட்டிருந்தமையால் அவர் போட்டியிட இயலவில்லை. பதவியிலிருக்கும் ஜனாதிபதி தம் பதவிக்காலம் முடியுமுன்னரே தேர்தலுக்குச் செல்ல வழிசெய்யும் திருத்தமும் அவ்வாண்டிலேயே அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில், பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்புக் காலத்தில், கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்களப் பத்திரிகையான 'அத்த' அவசரகாலச் சட்டவிதிகளின் கீழ் மூடப்பட்டது. பத்திரிகையை அரசுடைமையாக்கிய அரசாங்கத்திற் பங்காளியாக இருந்த கட்சி ஒன்பது ஆண்டுகளுக்குள் தன் சொந்தப் பத்திரிகையை அரசிடம் இழக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலனாகிறது. பாராளுமன்ற ஆட்சிமுறையில் அரசாங்கக் கட்சி அரச சாதனங்களைத் துஷ்பிரயோகம் செய்தது. அது ஒரு முறைகேடு. ஜனாதிபதி ஆட்சிமுறையிலோ உடைமையாளரும் வேட்பாளரும் ஒரே ஆளாகிவிடுகின்றனர். அமைச்சரை ஜனாதிபதி நியமிக்கிறார். பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கிறார். ஆசிரியரைச் சபை நியமிக்கிறது. செய்தியாசிரியன் எழுதும் ஒவ்வொரு தேர்தற் செய்தியும் தன் தொழில்தருநர் பங்குபற்றும் போட்டி பற்றிய செய்தியாகிறது. இங்கு சார்பு முறைகேடு என்ற நிலையைத் தாண்டி, முறையின் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

சட்டங்களினால் இதனைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நடைபெறாமலில்லை. 2001 ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தம் தேர்தற் காலத்தில் ஊடகங்களுக்கு வழிகாட்டல்களை வழங்கவும், அவற்றை மீறும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கும் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியொருவரை நியமிக்கவும் இடமளித்தது. 2010 ஜனவரித் தேர்தலின்போது தேர்தல் ஆணையாளர் அவ்வாறு ஒருவரை நியமித்தார். பயன் விளையாமையால் அந்நியமனத்தை அவரே விலக்கிக்கொண்டார். அரச ஊடகங்கள் தமது வழிகாட்டல்களைப் பின்பற்றவில்லை என்று முடிவுகளை அறிவித்த வேளையில் அவரே வெளிப்படையாகக் குறைகூறினார். சட்டத்தின் வாசகம் ஒருபுறமிருக்க, உடைமையின் வலிமை மறுபுறத்தில் நின்றதை இச்சம்பவம் காட்டியது.

3

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். இலக்கிய மாணவர்கள் செய்தியுரைநடையைப் பெரும்பாலும் ஆய்வுப்பொருளாகக் கொள்வதில்லை. ஆயினும் தமிழ் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் நாள்தோறும் வாசிக்கும், கேட்கும் உரைநடை இதுவே. இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் புலமை மரபிலேயே ஓர் ஒப்புமை உண்டு.

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுக்கள் மெய்க்கீர்த்தி என்ற பகுதியோடு தொடங்குதல் மரபாயிற்று. மன்னனின் வெற்றிகளையும் பெருமைகளையும் நிரைப்படுத்திக் கூறிய பின்னரே கல்வெட்டு தன் பொருளுக்கு வரும். அப்பொருள் ஒரு விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளாக இருக்கலாம். ஒரு சிற்றூரின் வரி நீக்கமாக இருக்கலாம். சபையோர் செய்த நிலவிற்பனையாக இருக்கலாம். அச்செயலில் மன்னனுக்கு நேர்த்தொடர்பு யாதும் இல்லாதபோதும் மெய்க்கீர்த்தி முன்னே நிற்கும். ஆட்சியாண்டு வளர மெய்க்கீர்த்தியும் வளரும். நாட்டில் நிகழும் எச்செயலும் மன்னனின் பெயரால் நிகழ்வதாகத் தோன்றச் செய்வதே அதன் பணி.

அரச ஊடகங்களின் செய்தியறிக்கை இப்பணியையே செய்கிறது. பாலம், பாடசாலைக் கட்டடம், நீர் விநியோகத் திட்டம், காணி உறுதி வழங்கல் ஆகிய யாவும் ஜனாதிபதியின் செயல்களாகவே அறிக்கையின் தலைப்பில் இடம்பெறுகின்றன. தேர்தற் காலத்தில் இவ்வடிவம் ஒரு தனிப்பயனைப் பெறுகிறது. பதவியிலிருப்பவர் இரு பெயர்களில் இயங்குகிறார். மேடையில் அவர் வேட்பாளர். திறப்புவிழாவில் அவர் அதிமேதகு ஜனாதிபதி. மேடைப்பேச்சுக்கு ஒதுக்கப்பட்ட நிமிடங்களைக் கண்காணிப்பாளர் எண்ணலாம். திறப்புவிழாவோ அரச கருமம், ஆதலாற் செய்தி. எதிர்வேட்பாளருக்கு இவ்வாறான இரண்டாவது பெயர் இல்லை. அவர் பேசுபவராக மட்டுமே செய்தியில் தோன்றுகிறார். பதவியிலிருப்பவர் செய்பவராகத் தோன்றுகிறார். நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தாலும் இவ்வேறுபாடு நீங்காது.

இவ்வேறுபாடு வினைச்சொற்களில் மேலும் நுண்மையாகச் செயற்படுகிறது. பிறர் கூற்றை அறிவிக்கத் தமிழ்ச் செய்தியாளர் கையாளும் வினைகளை நோக்குக: கூறினார், தெரிவித்தார், வலியுறுத்தினார், சுட்டிக்காட்டினார், குற்றஞ்சாட்டினார், சாடினார். இவை ஒரே பொருளன அல்ல. 'சுட்டிக்காட்டினார்' என்றால், சுட்டப்பட்டது ஏற்கனவே உண்மையாக உள்ளது. பேசியவர் அதனை நமக்குக் காட்டினார். 'குற்றஞ்சாட்டினார்' என்றால், கூறப்பட்டது மெய்ப்பிக்கப்படாதது, பொய்யாகவும் இருக்கலாம். நாமே அமைத்துக்கொண்ட இரு மாதிரி வாக்கியங்களைக் காண்க: 'பொருட்களின் விலை குறைந்துள்ளதை ஜனாதிபதி சுட்டிக்காட்டினார்', 'பொருட்களின் விலை உயர்ந்துள்ளதாக எதிர்க்கட்சி வேட்பாளர் குற்றஞ்சாட்டினார்'. இவ்விரு வாக்கியங்களும் நீளத்தில் ஏறத்தாழச் சமமானவை. நடுநிலைமையை அளவினால் அறிபவர் இவற்றிற் குறை காணமாட்டார். ஆயின் முதலாவது வாக்கியம் விலைவாசி பற்றிய உண்மையைத் தீர்மானித்துவிட்டது. இரண்டாவது அதனைச் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டது.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு காரணியும் உளது. அரச செய்தி பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஆக்கப்பட்டுத் தமிழுக்கு மொழிபெயர்க்கப்படுகிறது. மொழிபெயர்க்கும் உதவியாசிரியன் நேரத்தின் நெருக்கடியில் அறிக்கையின் வாக்கியக் கட்டமைப்பையே பின்பற்றுகிறான். இவ்வாறு அரச அலுவலகத்தின் மொழி தமிழ் வாசகனின் அன்றாட மொழியாகிறது. அவனுடைய தனிப்பட்ட அரசியல் யாதாயினும், அவன் எழுதும் வாக்கியத்தின் அரசியல் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

4

இம்மொழி வர்க்க உறவுகளை எவ்வாறு மறைக்கிறது என்பதற்கு 2024 ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலையொட்டிய பெருந்தோட்டச் சம்பளப் பிரச்சினை தக்க எடுத்துக்காட்டாகும். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கான கோரிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. 2018 ஒக்ரோபரில் மலையக இளைஞர் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டு இக்கோரிக்கையை எழுப்பினர். 2021 இலேயே அத்தொகை சட்டபூர்வமாக நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியும் பணவீக்கமும் அதன் பெறுமதியைப் பெருமளவிற் கரைத்துவிட்டன. 2024 மே முதலாந் திகதி, கொட்டகலை மேதினக் கூட்டத்தில், ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா சம்பளத்தை அறிவித்தார். வர்த்தமானி வெளியாயிற்று. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த செப்தெம்பர் மாதத்தில், சம்பளச் சபையினூடாக 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சித் தொடரைச் செய்தியுரைநடை எவ்வாறு கூற முடியும்? 'தொழிலாளருக்கு ஜனாதிபதி சம்பள உயர்வு வழங்கினார்' என்பது ஒரு வகை. 'நீண்ட போராட்டத்தின் பின் தொழிலாளர் சம்பள உயர்வைப் பெற்றனர்' என்பது இன்னொரு வகை. முதலாவதில் ஜனாதிபதி எழுவாய். தொழிலாளர் நான்காம் வேற்றுமையில், கொடையைப் பெறுவோராக நிற்கின்றனர். இரண்டாவதில் தொழிலாளரே எழுவாய். முதலாவது, புரவலனும் இரவலனும் என்ற பழைய பாடாண் மரபின் உறவை நவீன அரசியலுக்குள் கொண்டுவருகிறது. சம்பளம் உழைப்பின் விலை என்ற உண்மை அதில் மறைந்து, அது கொடையாகிவிடுகிறது. 'சம்பள உயர்வு தாமதமாகியுள்ளது' என்ற வாக்கியத்திலோ தாமதப்படுத்தியவர் யாரென்பதே இல்லை. கம்பனிகள் இலக்கணத்திலிருந்தே நீங்கிவிடுகின்றன.

இங்கு அரச ஊடகத்துக்கும் தனியார் ஊடகத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. 1990 களின் தொடக்கத்திலிருந்து தனியார் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தோன்றியபோது, ஏகபோகம் உடைந்து பன்மைத்தன்மை பிறக்குமென நம்பியோர் பலர். ஆனால் அனுமதிப்பத்திரம் அரசின் கையிலும், விளம்பரம் வர்த்தக நிறுவனங்களின் கையிலும் இருந்தன. 2019 தேர்தலில் தனியார் தொலைக்காட்சிகளின் சார்பு போட்டியின் சமநிலையையே பாதித்ததாக ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு சுட்டியது. தனியார் உரிமையாளர் தம் வேட்பாளரைத் தாமே தெரிவு செய்தனர், அவ்வளவே மாற்றம். இரு வகை ஊடகங்களிலும் மலையகத் தொழிலாளர் 'வாக்கு வங்கி'யாகவே பேசப்படுகின்றனர். வங்கியில் இட்ட பணம் பேசுவதில்லை. அதனை எடுப்போர் யார் என்பதே செய்தி.

5

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்துக்கு முகங்கொடுத்தல் வேண்டும். செய்திச் சார்பு இத்துணை வலிமையுடையதாயின், பதவியிலிருப்போர் ஒருபோதுந் தோற்றிருக்கலாகாது. 2015 ஜனவரியில் அரச ஊடகம் முழுவதையும் தம் கையில் வைத்திருந்த மஹிந்த ராஜபக்ஷ 47.58 சதவீத வாக்குகளோடு தோல்வியுற்றார். 2024 செப்தெம்பரில் பதவியிலிருந்த ஜனாதிபதி 17.27 சதவீத வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். எனவே, ஊடகத்தை உடையவன் மக்களின் மனத்தையும் உடையவன் என்ற இயந்திரப்பாங்கான கருத்து வரலாற்றின் முன் நிற்பதில்லை. வரிசையில் நின்று எரிபொருள் பெற்றவனுக்கு 2022 ஆம் ஆண்டின் உண்மையைத் தொலைக்காட்சி கற்பிக்க வேண்டியதில்லை. வாழ்நிலை சிந்தனையை நிர்ணயிக்கிறது என்னும் அடிப்படைக் கோட்பாட்டை இத்தேர்தல்கள் உறுதிப்படுத்துகின்றன.

எனினும், யார் வெல்வார் என்பதைத் தீர்மானிக்க இயலாத செய்தி, தேர்தல் எதைப் பற்றியது என்பதைத் தீர்மானிக்க வல்லது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கான சர்வதேச நாணய நிதிய உடன்படிக்கை அங்கீகரிக்கப்பட்டது. 2024 தேர்தற் செய்திகளில் அவ்வுடன்படிக்கை பெரும்பாலும் பருவமழை போன்ற ஓர் இயற்கை நியதியாகவே தோன்றியது. அதனை நிறைவேற்றத் தக்கவர் யார் என்று கேட்கப்பட்டது. அதன் சுமையைத் தாங்கும் வர்க்கம் எது என்று கேட்கப்படவில்லை. 'நாடு மீண்டுவருகிறது' என்ற வாக்கியத்தில் 'நாடு' என்பது யார் என்ற வினா எழவேயில்லை. கிராம்ஷி விளக்கிய மேலாண்மை இத்தகைய சொற்களிலேயே குடிகொண்டுள்ளது. அவற்றை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருங்கே கையாளுகின்றன என்பதனாலேயே எவரும் அவற்றைச் சார்பென உணர்வதில்லை. உணரப்படாத சார்பே வலியது.

தமிழ்ப் பத்திரிகைகளும் இவ்வாய்விலிருந்து விலக்குப் பெறா. தமிழ்த் தனியார் நாளேடுகள் ஜனாதிபதி வேட்பாளரிடம் முதன்மையாகக் கேட்டுவந்த வினா தேசிய இனப்பிரச்சினை பற்றியது. ஒடுக்கப்பட்ட ஓர் இனத்தின் பத்திரிகைகள் அவ்வாறு வினவுதல் நியாயமே. 1981 ஜூனில் யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' காரியாலயம் எரிக்கப்பட்டதை அறிந்த எவரும் அந்நியாயத்தை மறுக்கார். ஆயினும் அவ்வினா கேட்கப்படும் முறையில் 'தமிழ் மக்கள்' என்பது ஒரே குரலும் ஒரே நலனும் கொண்ட ஓர் ஆளாக உருவகிக்கப்படுகிறது. 2005 நவம்பர்த் தேர்தலில் விடுதலைப் புலிகளின் அழுத்தத்தின் கீழ் வடபகுதியில் வாக்களிப்பு ஏறத்தாழ நிகழவேயில்லை. நாடளாவிய ரீதியில் வெற்றியின் இடைவெளி ஏறத்தாழ 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்குகளே. அதனைத் 'தமிழ் மக்களின் தீர்மானம்' என எழுதுவது, வாக்களிக்க விரும்பியும் அஞ்சி வீட்டிலிருந்தவனை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவதாகும். 2024 இற் 'தமிழ்ப் பொது வேட்பாளர்' என நிறுத்தப்பட்ட பா. அரியநேத்திரன் ஏறத்தாழ 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே வாக்குகள் பல முனைகளிற் பிரிந்தன. வடக்கின் மீனவனும், மலையகத்தின் கொழுந்து பறிப்பவளும், கொழும்பின் தமிழ் வணிகனும் ஒரே வாக்கியத்தின் ஒரே எழுவாயாக அடங்கமாட்டார்கள் என்பதை எண்களே காட்டின.

சார்பின் இறுதி எல்லை மௌனமாகும். 2009 ஜனவரி 8 ஆந் திகதி லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். 2010 ஜனவரி 24 ஆந் திகதி, தேர்தலுக்கு இரு நாட்கள் முன்னர், பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டார். 2006 மே மாதத்தில் யாழ்ப்பாணத்து 'உதயன்' காரியாலயத்தினுள் ஊழியர் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்வுகளை எழுதவென்றே இலங்கைத் தமிழ்ச் செய்தியுரைநடை ஒரு தொடரை ஆக்கிவைத்துள்ளது: 'இனந்தெரியாத நபர்களால்'. செய்தவன் இல்லாத வினையாகக் கொலையைக் கூறும் இத்தொடர், எழுதுபவனைக் காப்பாற்றியது, கொன்றவனையும் காப்பாற்றியது. திறப்புவிழாச் செய்தியில் எழுவாய் பெருத்து நிற்பதும், கொலைச் செய்தியில் எழுவாய் மறைந்துவிடுவதும் ஒரே அரசியலின் இரு பக்கங்களாகும்.

6

இதிலிருந்து எத்தகைய முடிவுகளுக்கு நாம் வரலாம்? முதலாவது, இடதுசாரி இயக்கத்தைப் பற்றியது. அரசுடைமையைச் சமூகவுடைமையோடு ஒன்றாகக் கருதியமையே 1973 ஆம் ஆண்டின் கோட்பாட்டுக் குறைபாடு. கார்ல் மார்க்ஸ் 1842 இல் 'ரைனிஷ் சைட்டுங்' இதழில் எழுதிய கட்டுரைகளில் அரசின் தணிக்கையை எதிர்த்தார். பத்திரிகையை வெறும் வணிகமாகக் குறுக்குவதையும் அதே கட்டுரைகளில் எதிர்த்தார். இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் நிலைப்பாட்டை இலங்கையின் இடதுசாரிகள் போதியளவு வளர்த்தெடுக்கவில்லை. தனியார் ஏகபோகத்தை அவர்கள் தெளிவாகக் கண்டனர். நாளை அரசைக் கைப்பற்றுவோர் யாராக இருப்பர் என்பதைக் காணவில்லை.

இது பழங்கதையன்று. 1982 இல் 4.19 சதவீத வாக்குகளைப் பெற்று அரச ஊடகத்தின் மறுபுறத்தில் நின்ற மக்கள் விடுதலை முன்னணியின் தலைவராக விளங்கிய ஒருவரே, 2024 இல் இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னர் ஜனாதிபதியாகத் தெரிவானார். 1973 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான நிறுவனமும், 1982 இன் தொலைக்காட்சியும் அப்பதவியோடு சேர்ந்தே கைமாறின. இச்சாதனங்களை நல்லவர் கையாண்டால் நன்மை விளையும் என்ற நம்பிக்கை மீண்டும் எழுவது இயல்பு. ஐம்பதாண்டு வரலாறு அதற்கு எதிராகச் சான்று பகர்கிறது. பங்குகளைப் பொதுமக்களுக்குப் பகிர்தல், பணிப்பாளர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்தும் அமைச்சரிடமிருந்தும் முற்றாக நீக்குதல், ஊழியருக்கும் வாசகருக்கும் நிருவாகத்தில் இடமளித்தல் ஆகியவையே 1973 இல் நிறைவேற்றப்படாத பணிகள். அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்தென 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அக்கோட்பாட்டை உடைமை வடிவமாக மாற்றுதல் அரசியற் போராட்டத்தின் பணி.

இரண்டாவது முடிவு செய்தியாளரைப் பற்றியது. உடைமை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்தபோது அப்பத்திரிகை தனியார் முதலாளித்துவ நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. ஆயினும் முற்போக்கு எழுத்தாளர் பலருக்கு அவர் அதிற் களம் அமைத்துக் கொடுத்தார். முரண்பாடுகளுக்கிடையே இடைவெளிகள் உண்டு. அவற்றைக் காண்பவனுக்கு அவை பயன்படும். 'சுட்டிக்காட்டினார்' என்பதற்குப் பதிலாகக் 'கூறினார்' என எழுத எந்த உடைமையாளரின் அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது முடிவு தமிழ்த் துறைகளைப் பற்றியது. மெய்க்கீர்த்தியை வரலாற்றாசிரியர் புறக்கணிப்பதில்லை, அதனை நம்புவதுமில்லை. நொபொரு கராஷிமா முதலியோர் சோழர் கல்வெட்டுக்களைத் தொகுத்து ஆராய்ந்து, நிலவுடைமை உறவுகள் மாறியவாற்றை வெளிக்கொணர்ந்தனர். மன்னனின் புகழுக்கென வெட்டப்பட்ட கல்லே, அவன் காலத்து நிலம் யாரிடமிருந்தது, வரி யார்மீது விழுந்தது என்பதற்குச் சான்றாயிற்று. செய்தியறிக்கையையும் அவ்வாறே வாசித்தல் இயலும், வாசித்தலும் வேண்டும். எழுவாய் யார், வினை எது, நான்காம் வேற்றுமையில் நிற்பவர் யார், வாக்கியத்தில் இல்லாதவர் யார் என்ற நான்கு வினாக்களும் எமது மாணவர்க்குப் புதியனவல்ல. இலக்கண வகுப்பிற் கற்றவையே. அவற்றைத் தேர்தற் காலத்துச் செய்தித்தாளின் மீது பிரயோகிக்கப் பழக்குவது தமிழ்க் கல்வியின் சமூகப் பொறுப்புக்களுள் ஒன்றாகும். நேரத்தையும் இடத்தையும் அளப்பதைத் தேர்தற் கண்காணிப்பாளர் தொடர்ந்து செய்யட்டும். வாக்கியத்தை அளப்பது நமது பணி.